முனிரத்தினம் உயிரோடு இருக்கிறார்

இந்த மாதக் கடைசியோடு நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். என் இடத்துக்கு உங்கள் இரண்டு பேரையும் எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு ஆள் செய்த வேலைக்கு இரண்டு ஆளா என்று வீட்டில் கேட்டார்கள். நான் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் பேசுவதற்கு இன்னொருவர் வேண்டியிருக்குமே என்றேன்.

உங்களை எதிரில் உட்கார வைத்து இதைச் சொல்ல எனக்கு வராது. பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும் ஆள் நான். அதனால் எழுதித் தருகிறேன். பிளஸ் டூ வரை படித்தவன், அதற்குப் பிறகு பட்டுக்கடையில் சேலை மடித்துப் பெட்டியில் வைக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிரிவு என்ன செய்கிறது என்று நேர்காணலில் உங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார்கள். நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். ஆரணியிலும் சுற்று ஊர்களிலும் இருக்கிறவர்கள் தங்கள் வாழ்க்கைக் கதையைத் தங்கள் குரலிலேயே சொல்கிறார்கள். நாம் பதிவு செய்கிறோம். கலசப்பாக்கம், தெள்ளார் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வாரம் ஒரு கதை வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் இந்தக் கதைகளைக் கேட்கிறார்கள், பிறகு தங்கள் கதையைச் சொல்கிறார்கள். அதற்கு யாரும் நமக்குக் கட்டணம் தருவதில்லை. சேலை விற்கிற, எண்ணெய் விற்கிற கம்பெனிகள் தங்கள் சரக்கோடு ஒரு உண்மையான கதையும் போகட்டும் என்று நம்மிடம் வருகிறார்கள். அவர்கள் தருவதில்தான் வகுப்பு ஓடுகிறது.

கம்பெனிக்கும் கதை சொன்னவருக்கும் நடுவில் நிற்பது நம் வேலை. கம்பெனிக்காரர் நம்மை ‘நம்ம ஆள்’ என்று நினைப்பார். கதை சொன்னவரும் ‘நம்ம ஆள்’ என்றே நினைப்பார். இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளும் நாளில்தான் நாம் யாருடைய ஆள் என்பது நமக்கே தெரியவரும். எனக்கு அந்த நாள் வந்தது. அதை மட்டும் எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் நம் நிறுவனத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ‘முதல் கேட்பு’ என்போம். எந்தக் கதையும் வெளியே போவதற்கு முன், அது வெளியே போகப்போகும் அதே வடிவத்தில், சொன்னவர் வீட்டில் போட்டுக் காட்ட வேண்டும். யார் யார் கூட இருக்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வார். கேட்டுவிட்டு ‘வேணாம்’ என்று சொன்னால் அது போகாது. காரணம் கேட்கக்கூடாது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் பங்காளி வீட்டு ஆட்களை எல்லாம் கூட்டி வைத்து உரக்கப் படித்துக் காட்டுகிறோம் இல்லையா, யார் பெயர் விட்டுப்போனது என்று அங்கேதானே தெரிகிறது. அது மாதிரிதான்.

அந்த வருடம் நம்மிடம் இருந்த பெரிய வாடிக்கையாளர் சென்னையில் ஒரு சேலைக் கம்பெனி. தீபாவளிக்குப் புதிதாக இறக்கும் பட்டுச் சேலைகளோடு, பெட்டிக்குள் ஒரு அட்டை வைக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். அட்டையில் இருக்கும் க்யூஆர் கோடைப் போனில் காட்டினால் நெசவு செய்தவர் பேசுவது கேட்கும். அதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்த கதை தேவகியுடையது.

தேவகி நம் ஊர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். அவர் கணவர் முனிரத்தினம். வீட்டில் இரண்டு தறி. தேவகி சொன்ன கதை இதுதான். முகூர்த்தச் சேலை ஒன்று தறியில் பாதி நிற்கும்போது முனிரத்தினம் சேத்துப்பட்டு ரோட்டில் வண்டியோடு விழுந்து கையை உடைத்துக்கொண்டார். கல்யாணத் தேதி நெருங்கிவிட்டது. அதுவரை தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல் தார் சுற்றிக் கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் செய்யாத தேவகி, வேறு வழியில்லாமல் தறியில் உட்கார்ந்தார். கால் எட்டவில்லை. மிதிகட்டையின் மேல் இன்னொரு கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டார். கணவர் கைக்கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, இழுத்து அடி, மெல்ல அடி என்று உயிரை வாங்கினார். ஒரு கட்டத்தில் அவரை மாடிக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு நெய்து முடித்தார். கை கூடிய பிறகு முனிரத்தினம் தறிக்குத் திரும்பி வந்தால், தேவகி எழுந்திருக்கவில்லை. இடம் பிடித்துப்போய்விட்டது. கடைசியில் அவருக்காக வேறு தறி வாங்க வேண்டியதாயிற்று.

இதை அவர் சொல்லி நான் பதிவு செய்தபோது, நான் சிரித்த சத்தமும் பதிவாகிவிட்டது. அதை நீக்கவே தனியாக உட்கார வேண்டியிருந்தது.

கம்பெனி தன் விளம்பர வேலையை ஒரு ஏஜென்சியிடம் கொடுத்திருந்தது. அங்கே கார்த்திக் என்ற இளைஞர் கதையைச் சுருக்கி எனக்கு அனுப்பினார். நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டேன். புல்லாங்குழல் மெல்ல ஆரம்பித்தது. தேவகியின் குரல்:

“அவரு விழுந்துட்டாரு. வண்டி மட்டுந்தான் வீடு வந்து சேந்துச்சு. எனக்கு உசுரே இல்ல. பாதி சேல தறியில நிக்குது. கல்யாணப் பொண்ணு காத்துகினு கீது. அவரு எடத்துல நான் உக்காந்தேன்.”

பிறகு வேறொருவர் கனத்த குரலில் சொன்னார்: “அவர் விட்டுச் சென்ற தறி. அவள் நெய்யும் நினைவு.”

நான் காதிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடியும் மாட்டிக் கேட்டேன். ஒரு சொல் கூட மாறவில்லை. தேவகி நம்மிடம் சொன்னது, “வண்டி மட்டுந்தான் வீடு வந்து சேந்துச்சு, யாரோ தள்ளிகினு வந்து நிறுத்திட்டுப் போனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு இவரு ஆட்டோவுல ஒரு கையில கட்டு, இன்னொரு கையில டீ, குடிச்சிகினே வந்து எறங்குறாரு” என்பது. ஆட்டோவும் டீயும் போயிருந்தன. அவற்றோடு முனிரத்தினமும் போயிருந்தார்.

கார்த்திக்கைப் போனில் பிடித்தேன். அவர் நல்ல பிள்ளை. திருட்டுப் புத்தி இல்லை. தான் செய்தது அழகாக இருக்கிறது என்று உண்மையிலேயே நம்பினார்.

“சார், சிரிச்சா மறந்துடுவாங்க. அழுதாதான் வாங்குவாங்க. அதுவும் இல்லாம அட்டை பிரிண்ட் ஆயிடுச்சு, இதே வரிதான். பெட்டியெல்லாம் ரெடி.”

“முதல் கேட்பு இருக்குதுங்களே,” என்றேன்.

“அதுக்கு ஒரு ஐடியா இருக்கு சார். அவங்க வீட்டுல முழுக் கதையைப் போட்டுக் காட்டிடுங்க. சந்தோஷமா ஓகே சொல்லிடுவாங்க. வெளியில இது போகட்டும். சென்னையில கேக்கறவங்க யாரு ஆரணிக்கு வந்து சொல்லப்போறாங்க?”

நான் “ம்” என்றேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நீங்களும் இந்த வேலையில் சில மாதம் இருந்தால் இந்தப் பழக்கம் உங்களுக்கும் வந்துவிடும். யாராவது கதை சொன்னால் ‘ம்’ கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் சொல்கிறவர் நிறுத்திவிடுவார். நாள் முழுக்க அதையே செய்துகொண்டிருக்கும் நமக்கு, போனிலும் அது தானாக வந்துவிடும். கார்த்திக் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, “தேங்க்ஸ் சார்!” என்று வைத்துவிட்டார். கம்பெனிக்காரரோடு பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அல்லது கேட்டு முடித்த கையோடு எழுத்தில் பதில் போடுங்கள். நான் உடனே எழுதினேன்: ‘நீங்கள் அனுப்பியதையேதான் அவர் வீட்டில் போடுவேன். மேடமும் நீங்களும் நேரில் வாருங்கள்.’ பேச்சில் வராத தைரியம் எனக்கு விரலில் வரும்.

மேடம் என்றது அந்தக் கம்பெனியில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொண்ட அனுராதா. கடைசிச் சேலைகளைப் பார்வையிட அவர் எப்படியும் ஆரணிக்கு வருவதாக இருந்தது. சரி, வருகிறோம் என்று பதில் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘வெளியீட்டை இனிமேல் தள்ளிப்போட முடியாது. ஞாபகம் இருக்கட்டும்.’

நம் இயக்குநர் அம்மா அப்போது வெளியூரில் இருந்தார். விஷயத்தைச் சொல்லி என்ன செய்யட்டும் என்று கேட்டேன். ‘களத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்று அனுப்பினார். மேலதிகாரி தரக்கூடிய பதில்களிலேயே பயங்கரமானது இதுதான். இந்தக் கம்பெனி போனால் பள்ளிக்கூட வகுப்புகள் நிற்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கலசப்பாக்கம் பள்ளியில் அந்த வாரம்தான் பிள்ளைகள் தங்கள் கதைகளைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

நான் நேராகத் தேவகி வீட்டுக்குப் போனேன். முனிரத்தினம் வெளியே போயிருந்தார். தேவகி தறியில் இருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்கண்ணா, கத வந்துட்ச்சா?” என்றார்.

“வந்துச்சும்மா. ஆனா வெட்டிட்டாங்க. கேட்டா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும். வேணாம்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா போடவே மாட்டேன்.”

“இன்னாத்த வெட்னாங்க?”

“உங்க வீட்டுக்காரர” என்றேன்.

தறிச் சத்தம் நின்றது.

“முழுசாவா?”

“முழுசா.”

நான் முழுவதையும் விளக்கிச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. கழுத்தில் கை போய்த் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. பிறகு, “போடுங்கண்ணா” என்றார். “யாரு வெட்னாங்களோ அவங்கள எதிர்ல உக்கார வச்சே போடுங்க. இவருகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு பாட்டுக்குக் கேக்கட்டும்.”

கெட்ட செய்தியைக் கதை சொன்னவருக்கு முதலில் சொல்லுங்கள், கம்பெனிக்கு அப்புறம். இதை நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. அன்றைக்கு வேறு எங்கே போவது என்று தெரியாமல் போய் நின்ற இடம் அது. நின்ற பிறகுதான் அது சரியான இடம் என்று தெரிந்தது.

கேட்பு நாள் மத்தியானம் இரண்டு தறியும் நின்றன. தறிக்கூடத்திலேயே பாய் விரித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள், முனிரத்தினத்தின் அக்கா பூங்காவனம், எல்லோரும் வந்திருந்தார்கள். அனுராதா நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்தார். கார்த்திக் சின்ன ஸ்பீக்கரை வைத்தார். முனிரத்தினம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் பஜ்ஜித் தட்டோடு முன்வரிசையில் இருந்தார். தன் பெயர் வரப்போகிறது என்ற சந்தோஷம்.

புல்லாங்குழல் ஆரம்பித்ததும், “மியூசிக்கெல்லாம் போட்டுகீறாங்க!” என்று அக்காவிடம் சொன்னார். தேவகியின் குரல் வந்தது. விழுந்துட்டாரு என்றதும், “தோ, நாந்தான்” என்று தலையை ஆட்டினார். வண்டி மட்டும் வந்தது என்றதும் சிரிப்பதற்குத் தயாரானார். ஆட்டோ வரவில்லை. ‘அவர் விட்டுச் சென்ற தறி’ என்று கனத்த குரல் சொல்லி முடித்தது.

முனிரத்தினம் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். மனைவியைப் பார்த்தார்.

“இன்னாமே, நான் எப்போ போனேன்?”

பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், “நேத்து ரெண்டு தட்டு போண்டா துண்ணியே, அப்பவே” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பூங்காவனம் சிரிக்கவில்லை. “அட பாவிங்களா, நல்ல நாளும் அதுவுமா என் தம்பிய…” என்று எழுந்து உள்ளே போனவர், கைநிறைய உப்பும் மிளகாயும் கொண்டு வந்து தம்பியின் தலையை மூன்று முறை சுற்றிக் கொண்டுபோய் அடுப்பில் போட்டார். நெடி கூடத்துக்கு வந்தது. முதலில் இருமியது கார்த்திக். அப்புறம் அனுராதா. அப்புறம் எல்லோரும்.

“நெடி ஏறுது. அப்போ ஒண்ணும் இல்ல” என்று பூங்காவனம் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “என் தம்பிக்கு ஆயுசு கெட்டி.”

இருமல் அடங்கியதும் தேவகி சொன்னார். “இது வேணாங்க.”

கார்த்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, நீங்க சொன்னதுதான் எல்லாம். ஒரு வார்த்தை மாத்தல” என்றார்.

“ஒனக்குக் கல்யாணம் ஆயிட்ச்சா தம்பி?”

“ஆயிடுச்சுக்கா.”

“ஒன் கல்யாண வீடியோவுல ஒன்ன மட்டும் வெட்டிட்டு, தனியா பொண்ணு தாலியோட நிக்கிற மாதிரி காட்டுனா ஒன் மாமியார் வீட்ல சும்மா இருப்பாங்களா? அதுலயுந்தான் எதையும் மாத்தல.”

கார்த்திக் ஸ்பீக்கரை அணைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அனுராதா என் பக்கம் திரும்பினார். கோபக்காரர் இல்லை. ஆனால் களைத்திருந்தார். “ஏகாம்பரம் சார், எனக்குப் புரியுது. ஆனா அட்டை ரெடி, கடை ரெடி, அழைப்பு போயாச்சு. இப்ப இத நிறுத்தினா, மேல இருக்கறவங்க உங்களோட மொத்த ஒப்பந்தத்தையுமே நிறுத்தச் சொல்லுவாங்க. நான் பயமுறுத்தல. நடக்கப்போறதைச் சொல்றேன். நீங்க சொல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டுக்கடையில் இருந்தபோது வாடிக்கையாளர் என்னிடம் விலை கேட்டால் கூட, நான் கல்லாவைக் கை காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அங்கே கை காட்ட ஆள் இல்லை. கலசப்பாக்கம் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. அவர்களிடம் நாங்கள் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது, உன் கதை உன்னுடையது என்பதைத்தான். இந்த வீட்டில் அதை விட்டுக்கொடுத்துவிட்டு அந்த வகுப்பை நடத்தி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

“இது போகாதுங்க மேடம்,” என்றேன்.

அவ்வளவுதான். வேறு யாராவது என் இடத்தில் இருந்திருந்தால் சமாதானமாக நாலு வார்த்தை சேர்த்திருப்பார்கள். மன்னிப்புக் கேட்டிருப்பார்கள், வேறு ஏதாவது தருகிறோம் என்று அவசரப்பட்டிருப்பார்கள். எனக்கு அதெல்லாம் வரவில்லை, அதனால் சும்மா இருந்தேன். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இதைக் கவனியுங்கள். ‘முடியாது’ என்று சொன்ன பிறகு வரும் மௌனம் மற்றவர்களுக்குத்தான் பேஜார். நமக்கு அது பழகின வீடு.

அந்த மௌனத்தை முதலில் தாங்க முடியாமல் போனது முனிரத்தினத்துக்கு.

“மேடம், ஒண்ணு சொல்றேன். முழுக் கதையிலயும் இவ ஒரு பொய் சொல்லிகீறா. நான் ஆட்டோவுல டீ குடிச்சிகினு வரல. அது பாதாம் பால்.”

“கை ஒடஞ்சவனுக்குப் பாதாம் பால் கேக்குதா!” என்றார் தேவகி.

“நானா கேட்டேன்? கட்டுப் போட்டவரு வாங்கிக் குடுத்தாரு. மயக்கம் வரும்னு.”

“மயக்கம் வந்தவருதான் மாடியில உக்காந்துகினு ‘ஜல்தி, ஜல்தி’ன்னு கத்துனாரா? கதவச் சாத்துனா ஜன்னல்ல தல நீட்டுறாரு மேடம். கீழ பொண்ணு வீட்டுக்காரங்க வந்து நிக்கிறாங்க. ‘சேல எப்படி வருது’ன்னு கேட்டா, இவரு மேலருந்து ‘சுமாரா வருது’ன்றாரு!”

“சுமாராத்தான வந்துச்சு.”

“அந்தச் சுமாரப் பாத்துதான் பொண்ணோட தங்கச்சியும் அவ சேலைக்கு எங்கிட்டயே சொன்னா. ஒங்கிட்ட சொல்லல.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அனுராதா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, “ஏங்க, கை சரியானதும் எழுந்திரிக்கச் சொல்லலையா நீங்க?” என்று கேட்டார்.

“சொல்லாம இருப்பனா? ‘எழுந்திரு’ன்னேன். ‘இன்னும் ரெண்டு வெரக்கட, ரெண்டு வெரல் அகலந்தான் கீது’ன்றா. ரெண்டு வெரக்கட முடிஞ்சா, ‘முந்தானை மட்டும்’ன்றா. அப்பால அடுத்த சேல.”

“எனக்குப் புட்ச்சிருந்துச்சு மேடம்,” என்றார் தேவகி. இப்போது அவர் குரலில் சண்டை இல்லை. “அந்த எடத்துல உக்காந்தா, சேல என் கையில வர்றத நானே பாக்குறேன். எழுந்திரிக்க மனசு வரல.”

அனுராதா தறிப் பக்கம் திரும்பினார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “எங்க ஆபீஸ்ல ஒருத்தர் லீவுல போனப்ப, கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கோன்னு என்னை அவர் சீட்ல உக்கார வச்சாங்க. அவர் திரும்பி வந்தார். நான் இன்னும் எழுந்திரிக்கல.”

பூங்காவனம்தான் முதலில், “அப்படிச் சொல்லும்மா!” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். அனுராதா வெளியே போய்ப் போனில் வெகுநேரம் பேசினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கை இடுப்பில் இருந்தது, மறுகை போனைப் பிடித்திருந்தது, தலை ஆடவே இல்லை. உள்ளே வந்து, “அட்டை மாறுது. கதையும் மாறுது. நாள் மட்டும் மாறாது. முடியுமா?” என்றார்.

கார்த்திக், க்யூஆர் கோடு அதேதான், அது காட்டும் ஒலியை மாற்றினால் போதும் என்றார். அட்டையில் உள்ள வரிக்குத்தான் வழி வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகின ஊர் இது. நமக்குத் தெரிந்த அச்சகக்காரர், முகூர்த்த வேலைகளுக்கு நடுவில் இடம் கொடுத்தார்.

கார்த்திக் அன்று சென்னைக்குத் திரும்பவில்லை. தேவகியையும் முனிரத்தினத்தையும் சேர்த்து உட்கார வைத்து, அந்தச் சண்டையை அப்படியே பதிவு செய்தார். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு தறிக்கூடத்திலேயே சுருக்கினார். முனிரத்தினம் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “தம்பி, இந்தத் தபா பாத்து வெட்டு. ஒரு தபா போய்ட்டு வந்ததே போதும்.”

மறுநாள் காலை மறுபடியும் முதல் கேட்பு. அதே பாய், அதே ஆட்கள். இந்தத் தடவை புல்லாங்குழல் இல்லை, தறிச் சத்தம்தான் பின்னால் ஓடியது. முடிந்ததும் எல்லோரும் தேவகியின் முகத்தைப் பார்த்தோம். “இன்னொரு தபா போடுங்க” என்றார். அதுதான் சம்மதம். அட்டைக்கு என்ன வரி என்று பேச்சு வந்தபோது முனிரத்தினம் தன் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. தேவகி சொன்னதையே போட்டார்கள்: ‘எழுந்திருன்னாரு. நான் எழுந்திரிக்கல.’

வெளியீடு சென்னையில், கம்பெனியின் பெரிய கடையில் நடந்தது. தேவகியும் முனிரத்தினமும் மேடையில் இருந்தார்கள். தேவகி தானே நெய்த சேலையைக் கட்டியிருந்தார். கதையைப் போட்டார்கள். பாதாம் பால் வந்த இடத்தில் ஆரம்பித்த சிரிப்பு கடைசிவரை நிற்கவில்லை. பிறகு முனிரத்தினத்திடம் மைக்கைக் கொடுத்தார்கள். வீட்டில் அவ்வளவு பேசுகிறவர், கூட்டத்தைப் பார்த்ததும் திகைத்துப்போனார். அந்தத் திகைப்பு எனக்கு நன்றாகத் தெரியும். மனைவியைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். “நான் உசுரோடதான் கீறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடை அதிர்ந்தது. என்ன நடந்தது என்று தெரியாதவர்கள் கூட எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஒப்பந்தம் நிற்கவில்லை. அடுத்ததற்கு அவர்களே ஆள் அனுப்பினார்கள். அதில் முதல் கேட்பு என்ற வழக்கத்தை ஒரு விதியாக எழுதச் சொன்னவர் அனுராதா. எங்களுக்கு அதுவரை அது வாய்ச்சொல்லாகத்தான் இருந்தது. கலசப்பாக்கம் வகுப்பு தொடர்ந்தது, போளூர் பக்கமும் புதிதாகத் தொடங்கினோம்.

அன்று கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது, ஒரு பெண்மணி சேலைப் பெட்டியை மார்போடு அணைத்தபடி என்னிடம் வந்தார். என் சட்டையில் இருந்த நிறுவனத்தின் பெயரைப் பார்த்து வந்திருக்க வேண்டும்.

“இந்தக் கதை நீங்க போட்டதா?”

“அவங்க சொன்னதுங்க. நாங்க கூட இருந்தோம்.”

“எங்க வீட்டுக்காரர் நிஜமாவே இல்லைங்க,” என்றார். “ஆரம்பத்துல அவரு விழுந்துட்டாருன்னு வந்துச்சு பாருங்க, அங்கயே நிறுத்திடலாம்னு நெனச்சேன். எங்க போனாலும் நம்மள அழ வெக்கத்தான் கதை வெச்சிருக்காங்கன்னு. பயந்துகினேதான் கேட்டேன். கடைசில பாத்தா இந்தச் சிரிப்பு சிரிக்கறேன். சிரிச்சு எவ்ளோ நாளாச்சு தெரியுமா?”

அவரை மேடை ஓரத்துக்கு அழைத்துக்கொண்டு போய்த் தேவகியின் பக்கத்தில் உட்கார வைத்தேன். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அவரும் கணவருடைய மளிகைக் கடையில் போய் உட்கார்ந்தவராம். மைத்துனர்கள் எழுந்திரு என்றார்களாம்.

கார்த்திக் அந்தப் பக்கமாக வந்தவர், இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் நின்றுவிட்டார். கை தன்னால் போனை எடுத்தது. பதிவு செய்யும் இடத்துக்கு விரல் போனது. அவரே நிறுத்தினார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அந்த அம்மாவின் எதிரில் குனிந்து கேட்டார்.

“அம்மா, நீங்க சொல்றத நான் பதிவு பண்ணிக்கலாமா? வேணாம்னா வேணாம்.”

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மடியில் இருந்த பெட்டியை ஒருமுறை தடவினார்.

“இன்னைக்கு வேணாம் தம்பி. இந்தப் பொடவையக் கட்டிகினு வந்து சொல்றேன்.”